செய்வித்தவரும் செய்தவரும்



வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணிப் பகுதிகளிலிருந்து தென்னாட்டு யாத்திரை புறப்படும் சமணக் குடும்பத்தார் மதுரையில் ஒருநாள் தங்குவர். கீழக்குயில்குடிச் சமணர் மலையில் ஏறிச் செட்டிப்புடவையும் பேச்சிப்பள்ளத்தையும் கண்டு வணங்குவர். மறுநாள் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வழியாகக் கழுகுமலைக்குச் செல்வர். அவ்வழியில் பேருந்தின் இடப்புறச் சன்னல் வழியே நோக்கினால் வெயிலில் வெடித்த கரிசலும், சீமைக்கருவேலங் காடும், நீரற்ற கண்மாய்க் கரைகளுமே தெரியும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று பலர் திரையை இழுத்துவிட்டு உறங்கிவிடுவர். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அப்பக்கத்தில்தான் உள்ளன. முந்தைய நாள் மலையில் கைகூப்பி வணங்கிய திருமேனிகளுள் சில, அந்த வறண்ட நாட்டுப் பள்ளியைச் சேர்ந்த துறவியர் செய்வித்தவை என்பதை அறிந்தால் அவ்வுறக்கம் வந்திராது.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், காரியாபட்டிப் பக்கம் குறண்டி என்னும் ஊர் இருக்கிறது. இடைக்காலத்தில் அது வெண்பு நாட்டைச் சேர்ந்தது. அங்கே திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரும் சமணப் பள்ளி விளங்கியது. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் அப்பள்ளியின் ஆசிரியரும் மாணாக்கரும் பாண்டிய நாட்டில் பெரும்புகழ் பெற்றிருந்தனர். செட்டிப்புடவில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டொன்று அவர்களது மூன்று தலைமுறை ஆசிரிய மரபைக் கூறுகிறது. குறண்டி அஷ்டோபவாசி படாரரின் மாணாக்கர் குணசேனதேவர். அவர்தம் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். இக்கனகவீரர் குயில்குடி ஊராரின் பெயரால் ஒரு திருமேனி செய்வித்தார். தம் பெயரால் அன்று, ஊராரின் பெயரால் என்பது கருதத்தக்கது. பேச்சிப்பள்ளத்தில் அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் உண்டு. ஒரு தாயின் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஒரு பாறையில் நிற்கிறது.

இக்கல்வெட்டுகள் அனைத்திலும் ஒரே சொல்தான் வருகிறது: செய்வித்த, அல்லது அன்றைய பேச்சு வழக்கில் செய்விச்ச, திருமேனி. பள்ளியில் தமிழ் படித்தோர் யாவரும் இவ்விடத்தில் சற்று நிற்பர். செய்தல் தன்வினை, செய்வித்தல் பிறவினை. மூன்றாம் வேற்றுமை பாடத்தில் கருத்தா இருவகைப்படும் என்று படித்திருப்பர். அரசனால் கோயில் கட்டப்பட்டது என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. தச்சனால் கோயில் கட்டப்பட்டது என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இவ்வெடுத்துக்காட்டை மனப்பாடம் செய்து, தேர்வெழுதி, மறந்தும்விட்டனர். செட்டிப்புடவின் பாறைமுன் நிற்கும்போதுதான் அப்பாடத்தின் பொருள் விளங்குகிறது. குணமதியார், கனகவீரர் ஆகிய ஏவுதற் கருத்தாக்களின் பெயர்கள் எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. இயற்றுதற் கருத்தா எங்கே?

அவன் எழுத்தில் இல்லை. அவனைக் கல்லில்தான் தேடவேண்டும்.

பாறையில் திருமேனி அமைப்பது எவ்வாறு நிகழ்ந்திருக்கும் என்பதைச் சற்று விரிவாகக் காண்பது நன்று. முதலில் இடம். மலையின் எல்லாப் பாறையும் சிற்பத்திற்கு ஆகாது. மழைநீர் வழிந்தோடும் முகம் ஆகாது; விரிசல் ஓடும் முகம் ஆகாது; பாறைக்குள் வேறு நிறக் கோடு குறுக்கிடும் இடத்தில் முகம் அமைந்துவிட்டால் அது வடுப்போல நிற்கும். சிற்பியர் கல்லைத் தட்டி ஓசை கேட்பர். மணியோசை எழுந்தால் ஆண்கல், அது தெய்வ உருவங்களுக்கு உரியது. தாளத்தின் ஓசை எழுந்தால் பெண்கல், அது தேவியர்க்கும் பீடத்திற்கும் உரியது. ஓசையே எழாதது அலிக்கல், அது அடித்தளத்திற்கும் தரைக்கும் போகும். இது வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவோர் உளர். உள்ளே பிளவு உள்ள கல் ஒலிக்காது என்பது மட்டபாண்டம் வாங்குகையில் தட்டிப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் தெரிந்ததே. அறிவு சடங்கின் உடையில் வருவது இந்நாட்டில் புதியதன்று.

அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் நிரம்பக் கிடைக்கிறது. அது வெட்டுவதற்கு எளிது. எனினும் அது சிமெண்டுக்குப் போகிறதேயன்றித் திருமேனிக்கு ஆகாது. பாண்டிய நாட்டுச் சிற்பி வேண்டியது கருங்கல். கருங்கல்லின் கடுமையை அறியாதவர்க்கு ஒன்றைச் சொன்னால் போதும்: அக்கல்லைச் செதுக்கும்போது கல் தேய்வதைப் போலவே உளியும் தேயும். சிறிது நேரம் தட்டியதும் உளியின் வாய் மழுங்கிவிடும். ஆதலின் சிற்பி இருக்கும் இடத்தில் ஓர் உலைக்களமும் இருந்தாக வேண்டும். கொல்லன் துருத்தி ஊதி, மழுங்கிய உளிகளைச் சிவக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்ப்பான். அத்தோய்ப்பில்தான் அவன் திறமை இருக்கிறது. மிகுதியாகத் தோய்த்தால் உளியின் நுனி கண்ணாடிபோல் உடைந்துவிடும். குறைவாகத் தோய்த்தால் ஈயம்போல் மடங்கிவிடும். மலைமேல் ஒருவன் செதுக்க, அடிவாரத்தில் ஒருவன் நாள்முழுதும் உளி காய்ச்ச, இடையில் ஒரு சிறுவன் மழுங்கிய உளிக் கட்டைக் கீழிறக்கிக் கூரிய உளிக் கட்டை மேலேற்றிக் கொண்டிருந்தால்தான் ஒரு திருமேனி வளரும். கரி சுடுவோன், தண்ணீர் சுமப்போள், கூழ் காய்ச்சுவோள் ஆகியோரையும் கூட்டிக்கொள்க. ஒரு சிற்பி என்று ஒருமையில் பேசுவதே பிழை.

பாறையின் முகத்தைச் சமன் செய்தல் அடுத்த வேலை. நெடுக்கிலும் குறுக்கிலும் பள்ளக் கோடுகள் வெட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, பின் ஒவ்வொரு சதுரத்தையும் தட்டி எடுக்கும் முறை பல்லவர் விட்டுச்சென்ற முற்றுப்பெறாத குடைவரைகளில் இன்றும் காணக்கிடைக்கிறது. சமன் செய்த முகத்தில் நூல் பிடித்துக் காவிக் கோடு இடுவர். அளவு சிற்பியின் விருப்பப்படி அமைவதன்று. மானசார நூல் ஜின உருவத்திற்கு உத்தம தசதாளம் என்னும் அளவைக் கூறும். உருவத்தின் முழு உயரத்தை 124 பங்காகப் பிரித்து, ஒரு பங்கை ஓர் அங்குலமாகக் கொள்வர். முகம், கழுத்து, மார்பு, தொடை, முழங்கால் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இத்தனை அங்குலம் என்று கணக்கு உண்டு. சாணளவுத் திருமேனிக்கும் ஆளுயரத் திருமேனிக்கும் இக்கணக்கு ஒன்றே. அங்குலம் மட்டும் உருவத்தோடு சேர்ந்து வளரும். அளவுகோல் வெளியில் இல்லை, உருவத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை எண்ணி வியக்காமல் இருக்க இயலாது.

பின்பு செதுக்கல். அருப்புக்கோட்டை நெசவாளர் ஊர். தறியில் ஒரு பாவிழை அறுந்தால் நெசவாளர் நிறுத்தி, முடிபோட்டு, மேலே செல்வார். சேலையில் அது தெரியாது. கல்லில் முடிபோட இயலாது. தாய்ப்பாறையில் செதுக்குவோனுக்கு வேறு கல் மாற்றிக்கொள்ளும் வழியும் இல்லை. மூக்கின் நுனி தெறித்துவிட்டால் முகம் முழுவதையும் உள்ளே தள்ளி மீண்டும் செதுக்க வேண்டும்; அப்போது மார்பும் உள்ளே போகவேண்டும்; அளவு முழுதும் கெடும். ஆதலின் சிற்பி முதலில் நீட்டி நிற்கும் உறுப்புகளுக்குக் கல்லை மிகுதியாக விட்டுவைத்துக்கொண்டு, மற்றவற்றை முடித்தபின் இறுதியில் அவற்றுக்கு வருவான். சமணத் திருமேனிகளில் அத்தகைய இடர்மிக்க இடங்கள் சில உண்டு. பார்சுவநாதரின் தலைக்கும் மேலே கவிந்த ஐந்தலை நாகத்தின் படத்துக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வெளி ஒன்று. அங்கு உளியை நேராகப் பிடிக்க இடமில்லை. சாய்த்துப் பிடித்தால் ஒருபுறம் படம் உடையும், மறுபுறம் குழற்சி சிதையும். முக்குடையின் விளிம்பு மற்றொன்று. காயோத்சர்க்க நிலையில் நிற்கும் உருவத்தில் உடலைத் தொடாது தொங்கும் கைகளுக்கும் இடைக்கும் நடுவேயுள்ள வெளி இன்னொன்று.

ஆயினும் பெரும் இடர் இவற்றில் இல்லை. நடராசப் பெருமானையோ துர்க்கையையோ வடிக்கும் சிற்பிக்குக் கைகள் பல, ஆயுதங்கள் பல, அசைவு உண்டு, அணிகலன் உண்டு. ஓரிடத்தில் குறை நேர்ந்தால் கண் வேறிடம் சென்றுவிடும். செட்டிப்புடவிலேயே சிங்கத்தின்மேல் அமர்ந்து யானை வீரனொடு பொருதும் இயக்கியின் சிற்பம் அத்தகையது. அதைக் கண்டோர் அதன் விசையை மறப்பதில்லை. தீர்த்தங்கரர் திருமேனியில் சிற்பிக்கு அவ்வாய்ப்பு எதுவும் இல்லை. அணி இல்லை, ஆடை இல்லை, ஆயுதம் இல்லை, அசைவும் இல்லை. ஒரு முகம், ஒரு மார்பு, மடித்த இரு கால், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரு கை. ஒளிந்துகொள்ள ஓர் இடமும் இல்லாத உருவம் அது. உதட்டின் வளைவு ஒரு நெல்லளவு மிகுந்தால் முகத்தில் நகை தோன்றிவிடும்; குறைந்தால் துயர் தோன்றிவிடும். இரண்டும் இல்லாத நிலையே வீதராகம். விருப்பும் வெறுப்பும் கடந்த அந்நிலையைத் துறவி தவத்தால் அடைகிறார். சம்மட்டி பிடித்துக் காய்த்த கையினன் ஒருவன், கூலிக்கு வேலை செய்பவன், இல்லறத்தான், அந்நிலை இவ்வாறுதான் இருக்கும் என்று கருங்கல்லில் காட்டியிருக்கிறான். அவன் சமணனாக இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக உள்ள எட்டுத் திருமேனிகளை அடுத்தடுத்து நோக்குவோர்க்கு வேறொன்றும் தோன்றும். பாகுபலியின் கால்களில் படர்ந்த கொடியைச் செதுக்கியவன் கொடி படர்வதை வயல்வரப்பில் பார்த்தவன். அது ஏடு பார்த்து வரைந்த கொடியன்று.

முற்றுப்பெறாத வேலையே செய்தவனை நன்கு காட்டும். யாத்திரையின் அடுத்த நாள் காணும் கழுகுமலையில், சமணச் சிற்பங்கள் உள்ள அதே மலையில், வெட்டுவான் கோவில் இருக்கிறது. அது சிவாலயம், 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் படைப்பு. மலையைச் சுற்றிலும் அகழ்ந்து, நடுவே நின்ற பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்திருக்கின்றனர். விமானத்தின் மேற்பகுதி முற்றும் நிறைவெய்திப் பேரழகொடு திகழ, அடிப்பகுதி பாறையாகவே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதற்கு ஊரார் தந்தையும் மகனுமாகிய இரு சிற்பியர் கதையொன்று கூறுவர், அக்கதை இருக்கட்டும். நிறைவெய்திய பகுதியைக் கண்டு அழகு என்கின்றனர். நிறைவெய்தாத பகுதியைக் கண்டால்தான், அந்த அழகு ஒவ்வொரு விரற்கடையும் இவ்வளவு கல்லை அப்புறப்படுத்தியபின் வந்தது என்பது உறைக்கும். யாத்திரைக் குழுவினர் மேற்பகுதியைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது வழக்கம். கீழ்ப்பகுதிக்கும் சிறிது நேரம் ஒதுக்குக.

அதே மலையின் சமணத் திருமேனிகளின் கீழே ஏறத்தாழ நூறு சிறு கல்வெட்டுகள் உள்ளன. செய்வித்தோர் பட்டியல் அது. குரவர், குரத்தியர், மாணாக்கர் ஆகியோரொடு தச்சரும், கொல்லரும், குயவரும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றனர். ஏவுதற் கருத்தா வேறு, இயற்றுதற் கருத்தா வேறு என்ற இலக்கணக் கோடு அங்கே சற்று அழிகிறது. உளி காய்ச்சும் குலத்தில் பிறந்த ஒருவர், தம் பொருளைக் கொடுத்து ஒரு திருமேனியைச் செய்வித்திருக்கிறார். செட்டிப்புடவிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. கனகவீரர் செய்வித்த திருமேனியின் கல்வெட்டு, அதைக் காக்கும் பொறுப்பைப் பள்ளிச் சிவிகையாரிடம் ஒப்படைத்து முடிகிறது. சிவிகையார் என்போர் பல்லக்குச் சுமப்போர். தோளில் தண்டு தாங்கிக் காய்ப்பேறிய மக்களிடம் ஒரு தீர்த்தங்கரர் திருமேனியின் காவல் அளிக்கப்பட்டிருந்தது. இக்காலத்தில் அத்தகைய பொறுப்பு யாரிடம் செல்லும் என்பதை அவையோர் அறிவர்.

இனி வறண்ட நாட்டுக்கே திரும்புவோம். குறண்டியில் இன்று திருக்காட்டாம்பள்ளி இல்லை. பிற மலைகளில் திருமேனி செய்வித்த பள்ளிக்குத் தன் ஊரில் சுவர் இல்லை. குண்டாற்றங்கரைத் திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்தில் உள்ள காளநாதசுவாமி கோயிலில், குறண்டிப் பள்ளியைக் குறிப்பிடும் துண்டுக் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. அக்கற்கள் குறண்டியிலிருந்து கொண்டுவரப்பட்டவையாகலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: ஊர்ப்பெயரில் பள்ளி என வந்தவுடன் அது சமணப் பள்ளி என்று மகிழ்ந்துவிடலாகாது. பள்ளிமடத்துக் கோயில் பாண்டிய மன்னர் ஒருவரின் நினைவாக எழுந்த பள்ளிப்படை. சொல்லைக் கண்டு உரிமை கொண்டாடுவதும், கல்லைக் கண்டு குறைசொல்வதும் வேண்டா. ஒரு கோயில் இடிந்தால் அதன் கல் மற்றொரு கோயிலுக்குப் போவது அன்றைய வழக்கம். சமயப் பகையால் மட்டுமே நிகழ்ந்ததன்று. வெட்டிய கல்லின் விலையை அன்றையோர் அறிந்திருந்தனர். கருங்கல் தூண் ஒன்றைக் கரிசல் நிலத்தைக் கடந்து கொண்டுவருவது எளிதான செயலா? மழை பெய்த கரிசலில் வெறும் வண்டியே அச்சளவு புதையும். ஆதலின் நிலம் காய்ந்த மாதங்களில், கடப்பாரையால் நெம்பி, உருளை வைத்து, மாடும் ஆளும் சேர்ந்து இழுத்தாக வேண்டும். அத்தகைய உழைப்பால் வந்த கல்லை வீணாக்க யாருக்கு மனம் வரும்?

அருப்புக்கோட்டை வட்டத்துக் கோவிலாங்குளத்தில் நிலைமை வேறு. அங்கே சமணக் கோயிலின் அடித்தளமும் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் உள்ளன. முதற் குலோத்துங்க சோழனின் 48-ஆம் ஆட்சியாண்டாகிய 1118-ஐச் சேர்ந்த கல்வெட்டு, கும்பனூரார் முக்குடையார்க்குக் கோயில் எடுத்ததைக் கூறுகிறது. முக்குடையார் என்ற பெயரின் இனிமையை எண்ணுக. திரிசத்திராதிபதி என்ற வடசொல் தமிழ்நாட்டு வெயிலில் நடந்து நடந்து முக்குடையார் ஆகிவிட்டது. நிழல் அரிதான நாட்டில் மூன்று குடை உடையவர் அவர். இன்று ஊர் மக்கள் அத்திருவுருவை அம்பலசாமி என்று வழங்கி வழிபடுகின்றனர். பெயர் மாறிவிட்டதே என்று சிலர் வருந்துவர். அவ்வருத்தத்தில் பாதிதான் நியாயம். அப்பகுதியில் இன்று சமணக் குடும்பங்கள் இல்லை. விளக்கேற்றி, மாலையிட்டு, அத்திருவுருவங்களை உடையாமல் காத்து வந்தோர் அவ்வூர் உழவர் பெருமக்களே. சிவிகையார் செய்த காவலை அவர்கள் பெயரறியாமல் தொடர்ந்து வருகின்றனர்.

இதுவரை பழங்காலம் பேசப்பட்டது. இனிப் பேசப்படுவது சற்றுக் கசப்பானது, பொறுத்தருள்க.

ஆதிநாதர் மக்களுக்கு ஆறு தொழில் கற்பித்தார் என்பது நம் புராண மரபு: அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிஜ்யம், சில்பம். வாள், எழுத்து, உழவு, கலை, வணிகம் ஆகியவற்றோடு சிற்பமும் முதல் தீர்த்தங்கரரின் வாயிலிருந்து வந்தது. ஆகவே சிற்பத்தொழில் செய்வோன் ஆதிநாதரின் மாணாக்கன். அம்மாணாக்கனின் இன்றைய நிலை யாது?

உளியும் சம்மட்டியும் இருந்த இடத்தில் இன்று மின்சாரக் கிரைண்டர் வந்துவிட்டது. ஒரு மாத வேலை சில நாட்களில் முடிகிறது, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உளி சிதைத்த கல் சில்லாய்த் தெறித்துக் காலடியில் விழும். கிரைண்டர் சிதைக்கும் கல் மாவாய்ப் பறந்து மூச்சில் நுழையும். கருங்கல்லில் படிகக்கல்லின் கூறு மிகுதி. அதன் நுண்தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாகும். சிலிக்கோசிஸ் என்று மருத்துவர் கூறும் அந்நோய்க்குத் தீர்க்கும் மருந்து இல்லை. கற்சிற்பக் கூடங்களில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வெண்புகைக்குள் அமர்ந்திருக்கும் இளைஞரைப் பலரும் பார்த்திருப்பர். அத்துண்டு பெருந்தூளைத் தடுக்கும். நோய் தரும் நுண்தூளைத் தடுக்காது. கல்லின்மேல் நீர் சொட்டவிட்டு அறுத்தால் தூள் பெரிதும் அடங்கும். தகுந்த முகக்கவசம் அணிந்தால் மேலும் குறையும். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு பிரதிஷ்டை விழாவின் பந்தற் செலவில் சிறு பகுதி.

இம்சையை நம் நூல்கள் நான்காகப் பகுத்துள்ளன: சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி. தொழில் நிமித்தம் நேரும் இம்சை உத்யோகி. இல்லறத்தார் அதை இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. சூரியன் மறைந்தபின் உண்ணாதிருப்பதும், நீரை வடிகட்டிப் பருகுவதும், கிழங்கை விலக்குவதும் அக்குறைப்பின் வழிகளே. ஒரு திருமேனிக்கு ஏற்பாடு செய்யும்போது கல்லின் விலை கேட்கப்படுகிறது, உயரம் கேட்கப்படுகிறது, நாள் குறிக்கப்படுகிறது. நீர் விட்டு அறுப்பீர்களா என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருக்காகத் துணி பிடிக்கும் கை, கண்முன் அமர்ந்திருக்கும் ஐந்தறிவும் ஆறறிவும் உடைய உயிரின் மூச்சுக்காக ஒரு சொல் கேட்கத் தயங்குவானேன்? கருங்கல்லை விட்டு வடநாட்டு வெண்பளிங்கை நாடுவோர்க்கும் இக்கேள்வி பொருந்தும். பளிங்கில் படிகத்தூள் குறைவு என்பது உண்மை, தூளே இல்லை என்பது உண்மையன்று.

மற்றொன்று பெயர். கோயில்களில் ஒரு குழல் விளக்கு மாட்டினாலும் அதன்மேல் உபயதாரர் பெயர் எழுதப்படுகிறது. வெளிச்சம் வெளியே வர வழியின்றிப் பெயரே விளக்கை மறைத்துவிடுவதும் உண்டு. அதில் தவறில்லை, குணமதியாரும் தம் பெயரை எழுதுவித்தவரே. மூலவரை வடித்தவரின் பெயர் அக்கோயிலின் எந்தக் கல்லிலும் இல்லை என்பதுதான் உறுத்துகிறது. கண் திறந்து, பஞ்சகல்யாணம் நிறைவேறிய அன்றிலிருந்து அத்திருமேனியைத் தொடும் உரிமை அவருக்கு இல்லை. பல மாதம் மடியில் கிடத்தி வளர்த்த குழந்தையைப் பிறர் வீட்டில் விட்டு வருபவரைப் போலக் கருவறைக்கு வெளியே நின்று வணங்கிவிட்டு அவர் ஊர் திரும்புகிறார். தொடாமையை மரபு என்று ஏற்கலாம். பெயரில்லாமை மரபன்று, மறதி. பீடத்தின் பின்புறத்தில், திருமஞ்சன நீர் படாத இடத்தில், ஒரு வரி போதும். கல் வேண்டா என்றால் அறக்கட்டளையின் பதிவேட்டில் எழுதுக: வடித்தவர் இன்னார், உடனிருந்து உழைத்தவர் இன்னார், கல் எடுத்த இடம் இது. அதற்கு ஆண்டு பல கழிந்தபின் ஆய்வாளர் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போது இருக்கும் ஆலயங்களின் திருமேனிகளை வடித்தோருள் சிலர் இன்னும் உயிரோடிருப்பர். அவர்களைத் தேடிக் கேட்கக் கூடிய முதியோர் இவ்வவையிலேயே அமர்ந்திருக்கின்றனர்.

அடுத்த யாத்திரைக்கு ஏற்பாடு செய்வோர்க்கு ஒரு வேண்டுகோள். மதுரையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ. சென்றால் அருப்புக்கோட்டை. சற்றுச் சுற்று வழிதான், அரைநாள் கூடுதலாகும். அவ்வழியாகவும் பேருந்து ஒருமுறை செல்லட்டும். கோவிலாங்குளத்தில் இறங்குவோர் எண்ணெய்ப் புட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு வருக. எண்ணெயும் தூசியும் சேர்ந்து படிந்த கல்லில் நுண்வேலை மறைந்துவிடும். எழுத்துத் தெரியவேண்டும் என்று கல்வெட்டின்மேல் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் வேண்டா. ஊராரிடம் முதலில் வணக்கம் சொல்லி, அவர்கள் வழிபடும் முறைப்படியே வழிபடுக.

உச்சிவெயில் நேராக விழுவதால் நண்பகலில் கல் தட்டையாகத் தோன்றும். காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்ந்து விழும் நேரமே ஏற்றது. பழந்திருமேனிகளில் கையும் நீரும் அடிக்கடி படும் முகம், மார்பு, முழங்கால் ஆகியன வழவழப்பாகி இருக்கும். கை எட்டாத மூலைகளில், முக்குடையின் அடிப்புறத்தில், காதுக்குப் பின்னால், பீடத்தின் பக்கவாட்டில், உளி பட்ட தடங்கள் பல இடங்களில் அழியாமல் நிற்பதுண்டு. ஒன்றன்பக்கம் ஒன்றாக, ஒரே சாய்வில், ஒரே ஆழத்தில், மழைத்துளி பட்ட புழுதிபோல அவை தெரியும். எந்தக் கையில் உளியைப் பிடித்தான் என்பதுகூடச் சிலபோது அச்சாய்விலிருந்து புலப்படும். தொட வேண்டா. வெயில் அவ்விடத்துக்கு வரும்வரை சற்றுக் காத்திருந்தால் போதும்.